விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை

வணக்கம் ஐயா. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தை ‘ஆபரேட்டர்களின் தவறு’ என்றே பலரும் எழுதுகிறார்கள். உலையைக் குளிர்விக்கத் தானாகப் பாயத் தொடங்கிய அவசர நீரை அவர்களே குறைத்தார்களாம். பயிற்சி பெற்றவர்கள் அப்படிச் செய்வார்களா?

அன்புள்ள நண்பருக்கு,

குறைத்தது உண்மைதான். ஏன் குறைத்தார்கள் என்று பார்த்தால் பழியை அவர்கள் தலையில் மட்டும் போட மனம் வராது.

மார்ச் 28, அதிகாலை 4 மணி. உலையின் சூட்டை வாங்கிக்கொள்ளும் நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றன. மாற்றுப் பம்புகள் ஓடின. ஆனால் அவற்றின் வழியில் இருந்த இரண்டு வால்வுகளை முன்பு யாரோ மூடியபடியே விட்டிருந்தார்கள். எட்டு நிமிடம் கழித்துத்தான் அது தெரிந்தது. சந்தேகமில்லாத மனிதத் தவறு. ஆனால் உலையை உருக்கியது அதுவல்ல.

உலையில் அழுத்தம் ஏறியதும், அந்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் தொட்டியான பிரஷரைசரின் உச்சியில் உள்ள நிவாரண வால்வு, மிகை அழுத்தத்தை வெளியேற்றத் திறந்தது. சில நொடிகளில் உலையும் நின்றது; ஆனாலும் எரிபொருளின் சூடு உடனே தணியாது, குளிர்விக்க நீர் வேண்டும். அழுத்தம் இறங்கியதும் மூடியிருக்க வேண்டிய வால்வு, திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையிலோ அதன் விளக்கு அணைந்துவிட்டது. வால்வைத் திறந்து பிடிக்கும் மின்சாரம் நின்றதை மட்டுமே அந்த விளக்கு காட்டும். வால்வு மூடியதா என்று அதற்குத் தெரியாது. என்னைப் பொறுத்தவரை விபத்தின் வேர் இந்த வடிவமைப்புதான்.

உலைக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்று நேரடியாகக் காட்டும் கருவியும் இல்லை. பிரஷரைசரின் நீர்மட்டத்தை வைத்தே ஊகிக்க வேண்டும். ஓட்டை அதன் உச்சியிலேயே இருந்தது. கீழே அழுத்தம் குறைந்து நீர் கொதித்தது. அதனால் உலை வற்ற வற்ற, பிரஷரைசரில் மட்டம் ஏறியது! பிரஷரைசர் முழுக்க நிரம்பினால் அழுத்தத்தைத் தாங்கும் நீராவி மெத்தை போய்விடும். எக்காரணம் கொண்டும் நிரம்பவிடாதே என்பதே அவர்களுக்குச் சொல்லித்தந்த பாடம். அதன்படியே அவசர நீரைக் குறைத்தார்கள்.

வால்வுக்கு அடுத்த குழாயின் வெப்பநிலை துப்புக் கொடுத்தது. அந்த வழியில் முன்பே கசிவு இருந்ததால் சூட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிவாரண வால்வுக்கு முன்னால் இருந்த தடுப்பு வால்வை மூடி ஒழுக்கை நிறுத்த 2 மணி 22 நிமிடம் ஆயிற்று. எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகியது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1977 செப்டம்பரில் ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில், இதே பாப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனம் செய்த உலையில், நிவாரண வால்வு இதேபோல் சிக்கியது. அங்கும் அவசர நீரைக் குறைத்தார்கள். உலை 9 சதவீதத் திறனில் ஓடியதாலும், சுமார் 20 நிமிடத்தில் கண்டுபிடித்ததாலும் தப்பித்தது. இந்த ஆபத்தை எச்சரித்து, ஆபரேட்டர்களுக்குத் தெளிவான அறிவுறுத்தல் அனுப்பச் சொல்லி அந்த நிறுவனப் பொறியாளர் ஒருவர் 1978 பிப்ரவரியில் குறிப்பு எழுதினார். அது திரீ மைல் ஐலண்டுக்குப் போய்ச் சேரவே இல்லை.