கர்னல்ல அது இருக்கா இல்லையா?

கேள்வி: லேப்டாப்ல உபுண்டு 22.04 ஓடுது சார். விண்டோஸ்ல யூஸ் பண்ண ஹார்ட் டிஸ்க்க மாட்டணும். விண்டோஸ் டிஸ்க்கப் படிக்க, எழுத உதவுற என்டிஎஃப்எஸ்3 டிரைவர், லினக்ஸோட மையப் பகுதியான கர்னல்லயே வருதுன்னு ஃப்ரெண்ட் சொல்றான். என் கர்னல்ல இருக்கான்னு எப்படி பாக்குறது, திரும்ப கம்பைல் பண்ணணுமா?

பதில்: அட, கம்பைலெல்லாம் எதுக்குங்க! உங்க ஃப்ரெண்ட் சொன்னது சரிதான், 2021ல வந்த 5.15 கர்னல்லேர்ந்து அது உள்ளயே இருக்கு, ஆனா அத ஆன் பண்றதும் விடுறதும் கர்னல கட்டித் தர்றவங்க இஷ்டம்.

முதல்ல டெர்மினல்ல 'யுனேம் மைனஸ் ஆர்' அடிங்க, இப்ப ஓடுற கர்னலோட வெர்ஷன் வரும். பூட் ஃபோல்டர்ல 'கான்ஃபிக்'ன்னு ஆரம்பிச்சு அதே வெர்ஷன்ல முடியுற ஃபைல்தான் உங்களுக்கு வேணும், அப்டேட் ஆக ஆக பழசும் அங்கயே கெடக்கும், அவசரத்துல அதத் திறந்து பாத்துட்டு குழம்பாதீங்க. அந்த ஃபைல்ல என்டிஎஃப்எஸ்3ன்னு கிரெப் பண்ணுங்க, அதாவது கிரெப் கமாண்ட் போட்டுத் தேடுங்க. ஒய்ன்னு இருந்தா கர்னலோட சேத்தே கட்டியிருக்கு, எம்ன்னா தனி மாட்யூல், தேவைப்படும்போது லோட் ஆகும். முன்னாடி ஹாஷ் போட்டு 'நாட் செட்'ன்னு வந்தா ஆஃப். வரியே இல்லன்னா ஒண்ணு அந்த வெர்ஷன்ல அந்த ஆப்ஷனே கெடையாது, இல்ல அது நம்பியிருக்குற வேற ஏதோ ஆப்ஷன் ஆஃப்ல இருக்கு.

நிறைய பேர் ப்ராக் ஃபோல்டர்ல, அதாவது ஓடுற கர்னல் தன்னப் பத்தின தகவலக் காட்டுற இடத்துல, ஃபைல்சிஸ்டம்ஸ் லிஸ்ட்டப் பாத்துட்டு இல்லன்னு முடிவு கட்டிடுறாங்க, லோட் ஆகாத மாட்யூல் அந்த லிஸ்ட்ல எப்படிங்க வரும்?

ஆர்ச் மாதிரி சில லினக்ஸ்ல பூட் ஃபோல்டர்ல இந்த ஃபைல் இருக்காது, ப்ராக் ஃபோல்டர்ல 'கான்ஃபிக் டாட் ஜிஇசட்' இருக்கும், சுருக்கி வச்சிருக்கறதால இசட்கிரெப்தான் போடணும். என்னக் கேட்டா அதத்தான் அதிகமா நம்பலாம், ஏன்னா ஓடிட்டிருக்குற கர்னலே எடுத்துக் குடுக்குற தகவல் அது, பூட்ல இருக்கறது அட்மின் பவர் இருந்தா மாத்தக்கூடிய சாதா ஃபைல். ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க முதல்ல 'மாட்ப்ரோப் கான்ஃபிக்ஸ்' அடிச்சாதான் அது கண்ணுல படும்.

இன்னொரு விஷயம், எம்ன்னு வந்துருச்சுன்னு சும்மா மவுண்ட் பண்ணிடாதீங்க, கர்னலுக்கு வெளிய ஓடுற பழைய டிரைவரான என்டிஎஃப்எஸ்-3ஜியவே சிஸ்டம் புடிச்சுக்க வாய்ப்பிருக்கு, அதனால மவுண்ட் கமாண்ட்ல டைப் என்டிஎஃப்எஸ்3ன்னு நீங்களே குடுங்க. அதுக்கு முன்னாடி விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப (முழுசா அணைக்காம வச்சு சீக்கிரம் ஆரம்பிக்குற வசதி) ஆஃப் பண்ணி ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிடுங்க, பாதில விட்ட டிஸ்க்க எழுதுற மாதிரி மவுண்ட் பண்ண இந்த டிரைவர் மறுக்கலாம்.