1992 யூரோ கால்பந்துக் கோப்பையை டென்மார்க் வென்றது வெறும் அதிர்ஷ்டம்தானே?

நீங்களும் அந்தக் கடற்கரைக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். லீவில் மணலில் படுத்துக் கிடந்த டென்மார்க் வீரர்களைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள், வந்தார்கள், கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று. பயிற்சியாளர் ரிச்சர்ட் மோலர் நீல்சன் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்க இருந்தது உண்மை. ஆனால் சோவியத் உடைந்தபின் வந்த கூட்டமைப்பு அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஏற்கெனவே குறித்திருந்தது, ஆட்கள் அதற்குத் தயாராகிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் காத்திருப்போர் பட்டியலில் இருந்து வந்தவன். வேலைக்குத் தேர்வானவர் ஒருவர் சேராமல் போக, நான்கு நாளில் வந்து சேருங்கள் என்று எனக்கு போன் வந்தது. பதினோரு வருடம் உழைத்தாயிற்று, இன்னும் எனக்குப் பெயர் 'லாட்டரி'. பதவி உயர்வு வந்த அன்றும் அதே பெயர்தான், அதுவும் கேக் வெட்டும்போது.

டென்மார்க் கதையும் அதுதான். தகுதிச் சுற்றில் யூகோஸ்லாவியாவுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்ற அணி, அவர்கள் தலைநகர் பெல்கிரேடுக்கே போய் அவர்களை ஜெயித்த அணி. போர் காரணமாக ஐ.நா. தடை விதித்ததும் யூகோஸ்லாவியாவை நீக்கினார்கள், இவர்களுக்கு இடம் கிடைத்தது. சரி, அதுவரை அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம்? இங்கிலாந்தோடு கோல் இல்லாத டிரா, ஸ்வீடனிடம் தோல்வி. தகுதிச் சுற்றில் எட்டுக்கு எட்டும் ஜெயித்துவிட்டு வந்த பிரான்சை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அரையிறுதியில் நடப்புச் சாம்பியன் நெதர்லாந்து, 2-2, பெனால்டியில் நெதர்லாந்தின் வான் பாஸ்டன் அடித்ததை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்தார், மற்ற எல்லாரும் கோல் அடித்தார்கள், வான் பாஸ்டன் ஒருவர்தான் தவறவிட்டது. இறுதி ஆட்டத்தில் உலகச் சாம்பியன் ஜெர்மனி, 2-0. இத்தனைக்கும் அணியின் பெரிய தலையான மைக்கேல் லாட்ரப், பயிற்சியாளரோடு ஒத்துப்போகாமல் ஆட வரவே இல்லை.

கோல்கீப்பருக்கே பந்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்து நேரத்தைக் கடத்தினார்கள் என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். கடத்தினார்கள்தான். அப்போதைய விதி அதற்கு இடம் கொடுத்தது, மற்ற அணிகளும் செய்தன. அந்தத் தொடர் முடிந்த கையோடு விதியை மாற்றிவிட்டார்கள். நான் ஒன்றும் டென்மார்க் ரசிகன் இல்லை, அழகான ஆட்டம் என்றும் சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்தில் இரண்டாவது கோல் அடித்த கிம் வில்ஃபோர்ட்டின் சிறு மகளுக்கு ரத்தப் புற்றுநோய். தொடரின் நடுவே அவளைப் பார்க்கப் போனதால் பிரான்ஸ் ஆட்டத்தில் அவர் இல்லை, பிறகு திரும்பி வந்து ஆடினார். கோப்பை வந்து சில வாரங்களில் அந்தக் குழந்தை போய்விட்டது. அந்த மனிதரிடம் போய் 'உங்களுக்கு அதிர்ஷ்டம்' என்று யாரால் சொல்ல முடியும்?

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்தது மற்றவர்களுக்கு ஐந்து வாரம் பின்னால் என்பதால் பணிமூப்பில் கடைசி ஆளாகப் போட்டுவிட்டார்கள். நான் எழுதிய தேர்வும் அவர்கள் எழுதிய அதே தேர்வுதானே? மூன்று மனு கொடுத்துவிட்டேன், கடைசி மனுவுக்கு ரசீதுகூடத் தரவில்லை.