டெனிம் பொக்கெட்டுக்குள் போன்

கேள்வி: என்ர அவர் ஓட்டோ ஓடுறவர். நாள் முழுக்க போன் இறுக்கமான டெனிம் பொக்கெட்டுக்குள்தான். கலியாணம் முடிச்சு இரண்டு வருசம், பிள்ளை இல்லை. போன்தான் காரணமாம் என்கிறா மாமி. உண்மையா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, நல்லகாலம், மாமி உங்களில் பழி போடவில்லை! சுவிற்சர்லாந்தில் 2005 முதல் 2018 வரை 2,886 இளைஞர்களைப் பரிசோதித்தார்கள். நாளுக்கு 20 தடவைக்கு மேல் போன் பாவித்தவர்களுக்கு விந்தணு அடர்த்தி குறைவாக இருந்தது. பொக்கெட்டில் வைப்பதோடு தொடர்பு தெரியவில்லை. போன்தான் குறைத்தது என்பதற்கும் அது அத்தாட்சி இல்லை.

என் சந்தேகம் சூட்டில்தான். விந்தணு உருவாகும் ஆண்விதைகள் உடம்பைவிட 2 முதல் 4 பாகை குளிர்ச்சியாக இருக்கவேண்டும். திருகோணமலை வெயில், றெக்சின் சீற், அதற்குமேல் டெனிம்! தளர்ந்த உடுப்புப் போடட்டும். சிகரெட் இருந்தால் விடட்டும். ஒரு வருசம் தாண்டிவிட்டதால் இரண்டுபேருமாக டொக்டரிடம் போங்கள். உடுப்பு, சிகரெட் மாற்றத்தின் பலன் உடனே தெரியாது; புது விந்தணு உருவாக இரண்டரை மாதமளவில் எடுக்கும். போனை ஹாண்டிலுக்குப் பக்கத்தில் வைக்கட்டும், மாமிக்கும் நிம்மதி.