ஒரே நாட்டை நம்பிய சரக்கு: ஆஸ்திரேலியா பட்ட பாடு

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். ஆர்டரில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. 2025 ஆகஸ்டில் அங்கே வரி 50% ஆனபோது திணறிப்போனோம். ஒரு வல்லரசு இப்படிக் கதவைச் சாத்தும்போது மற்ற நாடுகள் எப்படிச் சமாளித்தன? நான் எங்கே தொடங்குவது?

பதில்: ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். கொரோனா எப்படித் தோன்றியது என்று விசாரிக்க வேண்டும் என 2020 ஏப்ரலில் அந்த நாடு சொன்னது. அடுத்த மாதமே ஆஸ்திரேலிய பார்லிக்கு சீனா 80.5% வரி போட்டது. அப்புறம் நிலக்கரி, சிங்கி இறால், ஒயின் என்று வரிசையாக அடி. இரும்புத் தாதுவை மட்டும் தொடவில்லை. அது இல்லாமல் சீன உருக்காலைகள் திண்டாடும்.

பார்லி தப்பித்தது. சவூதி தீவனத்துக்கு வாங்கியது, மெக்சிகோவுக்கு பீர் தயாரிக்கப் போனது. நிலக்கரியை இந்தியாவும் ஜப்பானும் எடுத்துக்கொண்டன. ஒயின்தான் வசமாக மாட்டியது. சீனச் சந்தையை நம்பியே சிவப்புத் திராட்சை போட்டவர்கள் பலர். வரி 218% வரை ஏறியதும் தொட்டிகளில் ஒயின் தேங்கியது. 2024 மார்ச்சில் வரி நீங்கிய பிறகும் திராட்சை விலை எழவில்லை. கொடிகளைப் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

உங்கள் சரக்கில் எது பார்லி, எது ஒயின்? முதலில் இதைப் பிரியுங்கள். அமெரிக்க பிராண்டின் பிரின்ட், லேபிள், அவர்கள் சைஸ் அளவில் தைத்த பனியனை வேறு யாரும் வாங்கமாட்டார்கள். அந்த வகை ஆர்டருக்கு முன்பணம் இல்லாமல் துணி வெட்டாதீர்கள். வெற்று டி-ஷர்ட், உள்ளாடை போன்றவற்றுக்கு இன்றே வேறு பையர் தேடலாம்.

அந்த நெருக்கடியின் நடுவில்தான், 2022 ஏப்ரலில், ஆஸ்திரேலியா இந்தியாவுடன் வர்த்தக ஒப்பந்தம் போட்டது. அந்த டிசம்பர் முதல் நம் ஆடைகளுக்கு அங்கே இருந்த 5% வரி இல்லை. சீனாவும் வங்கதேசமும் ஏற்கெனவே வரியில்லாமல் விற்பதால் விலைப் போட்டி கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே கோடை டிசம்பரில். மற்ற நாடுகளின் கோடை ஆர்டர் முடிந்து மெஷின்கள் காலியாக நிற்கும் மாதங்களில் வேலை கிடைக்கும். எனக்கு இது பெரிய ஆதாயமாகவே தெரிகிறது.

அமெரிக்க பையரை விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டுக்கொண்டே சீனாவுடன் பேசியது, 2023 ஆகஸ்டில் பார்லி வரி நீங்கியது. புதிய ஆஸ்திரேலிய பையருக்கு சாம்பிள் அனுப்பும்போதே, மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் இணையதளத்தில், சரக்கு இந்தியாவில் தயாரானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழுக்கான பதிவையும் முடித்துவிடுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வரிச்சலுகை கேட்க முடியாது.