ஆந்தை வந்தால் லட்சுமியா?

கேள்வி: என் இஷ்ட தெய்வம் யாரென்று அறிய மூன்று வாரமாக அதிகாலையில் தியானம் செய்கிறேன். கட்டம் கட்டமாக ஒளி, ஒரு தலைகீழ் முக்கோணம், இரண்டு முறை ஆந்தை முகம் தெரிந்தன. என்னை அழைப்பது யார்?

பதில்: கட்டங்களை முதலில் கழித்துவிடுவோம். வலைப்பின்னல், சிலந்திக்கூடு, சுரங்கம், சுருள் என நான்கு வகை உருவங்களை ஹைன்ரிஷ் க்ளூவர் என்ற உளவியலாளர் 1920-களில் மெஸ்கலின் என்ற போதைப்பொருள் தரும் காட்சிகளை ஆராய்ந்து வகைப்படுத்தினார். தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையிலும் இத்தகையவை தோன்றும். நானே ஒரு வாரம் ஒளிக்கட்டங்களைக் கண்டு, ஏதோ தெய்வத்துக்குரிய யந்திரக் கோலம் என்று பரவசத்துடன் வரைந்து வைத்தேன். ஆறு கட்டம்; கீழ் மூலை மட்டும் வளைந்திருந்தது. நிமிர்ந்தால் எதிரே ஜன்னல் கம்பி, அதே மூலையில் அதே வளைவு! தினமும் அதைப் பார்த்தபடிதான் கண்ணை மூடியிருக்கிறேன்.

ஒளியே பொய் என்று சொல்லவில்லை. பனி, புகை, மின்மினி, மின்னல், பளிங்கு, நிலா போன்றவை யோகத்தில் முன்னதாகத் தோன்றும் என்கிறது சுவேதாசுவதர உபநிடதம். ஆனால் இன்ன ஒளி வந்தால் இன்ன தெய்வம் என்று அது முடிச்சுப் போடவில்லை.

தலைகீழ் முக்கோணம் தாந்திரிக மரபில் சக்தி. மேல்நோக்கிய முக்கோணத்தோடு பின்னினால் அதுவே முருகனுக்குரிய அறுகோணம். ஆந்தையோ வங்கத்தில் லட்சுமியின் வாகனம், கிரேக்கரிடம் அதீனாவின் பறவை, நம்மில் பலருக்கு அபசகுனம். பாம்பு வந்திருந்தால் இன்னும் சிக்கல்: சிவனுக்குக் கழுத்தணி, திருமாலுக்குப் படுக்கை, பிள்ளையாருக்கு அரைக்கச்சை.

ஆகவே, எழுந்தவுடன் பெயர் எழுதாமல் படமாக வரையுங்கள். 'ஆந்தை' என்று எழுதிவிட்டால் மனம் தானே இறக்கையை ஒட்டிவிடும். நீங்கள் கண்டது இரண்டு வட்டங்கள் மட்டுமாகவும் இருக்கலாம். முந்தின இரவு எவ்வளவு தூங்கினீர்கள், படுக்குமுன் எதைப் பார்த்தீர்கள், காட்சி வந்தபோது அச்சமா பரிவா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பொருள் தேடி இணையத்தில் அலையாதீர்கள். இன்று தேடிய படம் நாளை தியானத்தில் வந்து நிற்கும்.

பதஞ்சலி யோக சூத்திரம் 2.44, ஸ்வாத்யாயத்தால் இஷ்ட தெய்வத்தோடு தொடர்பு உண்டாகும் என்கிறது. ஸ்வாத்யாயம் என்பது மந்திர ஜபமும் நூல் ஓதலும். பயிற்சி முன்னே, தொடர்பு பின்னே. நீங்கள் வரிசையை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். இஷ்டம் என்பதே உங்கள் விருப்பம்தானே! எந்தப் பெயரைச் சொன்னால் நெஞ்சு இளகுகிறதோ அதை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், ஜபியுங்கள். ஆந்தை வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

ஒன்று மட்டும் அவசரம். கண் திறந்திருக்கும்போதும் பார்வையின் ஓரத்தில் திடீரென மின்னல் வெட்டினாலோ திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ, விழித்திரை விலகுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.