சூடானில் ராணுவத்துக்குப் போட்டியாக ஒரு தனிப்படை எப்படி வளர்ந்தது?

தனிப்படை என்றால் அரசுக்கு அல்ல, ஒரு தலைவருக்குக் கட்டுப்பட்ட ஆயுதப்படை. சூடானின் ஆர்.எஸ்.எஃப். (விரைவு ஆதரவுப் படை) நடைமுறையில் அப்படித்தான்.

2003-இல் மேற்கு சூடானின் டார்ஃபூர் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை அடக்க அரசே ஜஞ்சவீத் எனும் அரபு ஆயுதக் குழுக்களை ஏவியது. ராணுவத்தை அனுப்புவதைவிட மலிவு. 2013-இல் அந்த ஆட்களைத் திரட்டித்தான் ஆர்.எஸ்.எஃப். உருவானது. ராணுவம் தன்னைக் கவிழ்க்காமலிருக்க இது உதவும் என்பது அதிபர் பஷீரின் கணக்கு. (2019-இல் இரண்டும் சேர்ந்தே கவிழ்த்தன.)

சிக்கலின் வேர் காசு. 2017-இல் ஜெபல் ஆமிர் தங்கச் சுரங்கங்கள் படைத்தலைவர் ஹெமெட்டியின் கைக்கு வந்தன. யேமன் போருக்கு ஆள் அனுப்பியும் வருமானம் வந்தது. காவலாளியே தோட்டத்து விளைச்சலை விற்றுச் சம்பளம் எடுத்துக்கொண்டால், முதலாளி சொல் எடுபடுமா?

பிறகு இணைப்புப் பேச்சு. ஆர்.எஸ்.எஃப். ராணுவத்தில் கரைய 2 ஆண்டு போதும் என்றது ராணுவத் தளபதி புர்ஹான் தரப்பு. 10 ஆண்டு வேண்டும் என்றார் ஹெமெட்டி. இடைக்காலத்தில் யார் யாருக்குக் கீழ் என்பதிலும் இழுபறி. 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்ட்டூமில் சண்டை வெடித்தது. இன்று ராணுவமும் டார்ஃபூர் ஆயுதக் குழுக்களின் துணையோடுதான் போரிடுகிறது. அதே தவறின் அடுத்த தவணை.

ஆர்.எஸ்.எஃப். தொடக்கத்திலிருந்தே சட்டவிரோதக் கிளர்ச்சிக் குழு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை: 2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி அது அரசுப் படை, புர்ஹான் அதைக் கலைத்தது போர் தொடங்கிய பிறகு, 2023 செப்டம்பரில்.