குழந்தை வாயில வெள்ளைப் படலம், ஜென்ஷன் வயலட் தடவலாமா?

கேள்வி: டாக்டர், பாப்பாவுக்கு மூணு மாசம் முடிஞ்சிருக்கு. நாக்குலயும் கன்னத்து உள்பக்கத்துலயும் வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்கு, துடைச்சா போக மாட்டேங்குது. பால் குடுக்கும்போது எனக்கு காம்பு எரியுது, குடுத்து முடிச்ச பிறகும் எரிச்சல் நிக்கல. போன வாரம் வரைக்கும் நான் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுட்டு இருந்தேன். மாமியார் ஒரு பழைய ஜென்ஷன் வயலட் (ஊதா கலர் மருந்து) பாட்டிலை எடுத்துட்டு வந்து இதை தடவுனா ரெண்டு நாள்ல போயிடும்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் நெட்ல படிச்சுட்டு அது கேன்சர் வர வைக்கும், கிட்டயே கொண்டு வராதீங்கன்னு சத்தம் போடறார். நான் யார் பேச்சைக் கேக்கறது?

பதில்: பாட்டிலை இப்போதைக்கு மூடியே வைங்கம்மா. அந்த மருந்து வேலை செய்யாதுன்னு சொல்லல, நல்லாவே வேலை செய்யும், ஆனா அதைவிட பதமான மருந்து கைல இருக்கும்போது மூணு மாசக் குழந்தையோட வாய்க்கு இதை முதல் மருந்தா நான் எழுத மாட்டேன்.

நீங்க சொல்றதைப் பார்த்தா கேண்டிடாங்கற ஈஸ்ட் கிருமி மாதிரிதான் தெரியுது, த்ரஷ்னு சொல்லுவோம். வெறும் பால் படலமா இருந்தா நாக்குல மட்டும் இருக்கும், ஈரத்துணியால துடைச்சா வந்துடும். த்ரஷ் கன்னத்துலயும் ஈறுலயும் பிடிக்கும், லேசுல வராது, அழுத்தி எடுத்தா கீழ சிவந்து சில சமயம் ரத்தம் கூட கசியும் (அதனால சுரண்டிப் பார்க்க வேணாம்). ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடிச்சுட்டா இந்த ஈஸ்ட்டுக்கு போட்டி இல்லாம போயிடும், அதான் இப்போ தலை தூக்கியிருக்கு.

இனி அந்த ஊதா மருந்து கதைக்கு வருவோம். இது செடி கொடில இருந்து எடுத்தது இல்ல, ஃபேக்டரில செஞ்ச சாயம், 19ஆம் நூற்றாண்டுல துணிக்கு சாயம் போட வந்த கூட்டத்தைச் சேர்ந்தது. 1884ல ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம்ங்கற டாக்டர் பெர்லின்ல நிமோனியால இறந்தவங்களோட நுரையீரலை மைக்ராஸ்கோப்ல பார்க்கறப்போ இதை ஊத்தி, மேல அயோடின் போட்டு, ஆல்கஹால்ல கழுவினார். சில பாக்டீரியா ஊதாவைப் பிடிச்சு வச்சுக்கிச்சு, சிலது விட்டுடுச்சு. லேப் ரிப்போர்ட்ல கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ்னு வர்றது இன்னிக்கும் இதே சாயத்தை வச்சுதான். அப்புறம் 1912ல அமெரிக்க சர்ஜன் ஜான் சர்ச்மேன் எழுதினார், சாயத்தைப் பிடிச்சு வச்சுக்கற அந்த வகை பாக்டீரியாவோட வளர்ச்சியத்தான் இது பெரும்பாலும் தடுக்குது, மத்ததை அவ்வளவா ஒண்ணும் பண்றதில்லன்னு. கிராம் நெகட்டிவ் கிருமிக்கு வெளில இன்னொரு ஜவ்வு இருக்கறதால சாயம் உள்ள போறது கஷ்டம். அதனால எல்லா புண்ணுக்கும் இது மருந்துன்னு நினைச்சு தடவறது சரியில்ல. கேண்டிடாவும் ஊதாவைப் பிடிக்கற ஆளுதான், அந்த வகையில உங்க மாமியார் சரியான கிருமிக்குத்தான் மருந்து எடுத்துட்டு வந்திருக்காங்க, அவங்க காலத்துல டாக்டருங்களே எழுதின மருந்துதான் அது.

அப்போ கேன்சர்? வீட்டுக்காரர் படிச்சதும் பொய்யில்ல. சுண்டெலிகளுக்கு தீனில கலந்து ரெண்டு வருஷம் வரைக்கும் குடுத்துப் பார்த்ததுல ஈரல்ல கட்டி வந்துச்சு. அதை வச்சுதான் பிரிட்டன்ல கிழிசல் இல்லாத தோல்ல மட்டும் போடுங்கன்னு கட்டுப்பாடு, கனடால 2019ல இதை உபயோகிக்கறதையே நிறுத்துங்கன்னு அரசே எச்சரிக்கை விட்டுச்சு. மனுஷங்களுக்கு நாலு நாள் தடவினதால கேன்சர் வந்துச்சுன்னு நிரூபணம் எதுவும் கிடையாது, அதனால முன்னாடி எப்பவாவது தடவியிருந்தா பயந்துட்டு உக்காராதீங்க. என் கவலை உண்மைல வேற. பழைய பாட்டில் பல சமயம் 1 சதவீதம் இருக்கும், தண்ணி ஆவியாகி இன்னும் கெட்டியாயிருக்கும், அதை குழந்தை வாய்ல நாள் பூரா திரும்பத் திரும்ப வச்சா உள்தோல் வெந்து புண்ணாயிடும், த்ரஷ்ஷை விட அந்த புண் வலி அதிகம், பாப்பா பாலே குடிக்காது. முழுங்கினா வாந்தி, பேதி வரலாம். கண்ணுல பட்டா கருவிழியே புண்ணாகும். இன்னொண்ணு, ஊதாவைத் தடவிட்டு எங்ககிட்ட வந்தா கீழ சிவந்திருக்கா, புண்ணா, என்னன்னு எங்களுக்கே தெரியாது.

என்ன செய்யலாம்? குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, த்ரஷ்தான்னு உறுதியானா பெரும்பாலும் நிஸ்டாட்டின்ங்கற ஈஸ்ட்டுக்கான சொட்டு மருந்து குடுப்பாங்க, பால் குடிச்ச பிறகு ஒரு நாளைக்கு நாலு தடவை படலம் மேல படற மாதிரி விடணும், வெள்ளை மறைஞ்ச பிறகும் ரெண்டு நாள் தொடரணும், மறைஞ்சதும் நிறுத்திட்டா திரும்ப வரலாம். மைகோனசோல்ங்கற இன்னொரு ஈஸ்ட் மருந்து ஜெல்லை நீங்களா வாங்கி வாய்ல வைக்காதீங்க, கெட்டியான ஜெல், இவ்வளவு சின்ன குழந்தைக்கு தொண்டைல அடைச்சுக்கும். அதே நேரத்துல உங்க காம்புக்கும் வைத்தியம் நடக்கணும், இல்லன்னா நீங்க பாப்பாவுக்கு, பாப்பா உங்களுக்குன்னு மாத்தி மாத்தி குடுத்துட்டே இருப்பீங்க. ஆனா காம்பு எரிச்சல் எல்லாமே ஈஸ்ட் இல்ல, வாய் சரியா பிடிக்காததாலயும் வரும், அதனால பால் குடிக்கற விதத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. ரப்பர் நிப்பிள் குடுக்கறீங்கன்னா தினமும் கொதிக்க வைங்க. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

இந்த மருந்துக்கெல்லாம் குணமாகாம, டாக்டரே பார்த்து ஜென்ஷன் வயலட் போடலாம்னு சொன்னா போடலாம், அதுல தப்பில்ல. கால் அல்லது அரை சதவீதம், புதுசா தண்ணில கலந்தது (ஸ்பிரிட் கலந்தது கூடவே கூடாது), காட்டன் பட்ல தொட்டு படலம் மேல மட்டும், எத்தனை வேளை எத்தனை நாள்னு அவங்க சொல்ற கணக்கோட நிறுத்திடணும். முன்னாடியே உதட்டுலயும் தாடையிலயும் வாசலின் தடவினா கறை கம்மி. தோல்ல பட்டது சில நாள்ல தானா போயிடும், தேய்க்காதீங்க. துணில பட்டது பெரும்பாலும் போகாது. ஆறிட்டு வர்ற புண்ணு மேல மட்டும் எப்பவும் போடாதீங்க, சாயம் உள்ள தங்கி பச்சை குத்தின மாதிரி நிரந்தரமா நின்னுடும்.

பாப்பா பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ அன்னிக்கே ஹாஸ்பிடல் போயிடுங்க. மருந்து போட்டும் ஒரு வாரத்துல குறையல, இல்ல போய்ப் போய் திரும்ப வருதுன்னா மறுபடி காட்டுங்க, உடம்போட எதிர்ப்பு சக்தி எப்படி இருக்குன்னு அப்போ பார்க்க வேண்டியிருக்கும்.